நான் உடும்போது நீ இழு

கலா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அப்பால நீ சிரிக்கறதுன்னா சிரி. பேய், பிசாசு, மந்திரிச்சு கயிறு கட்டறது, தலைல கைய வெச்சு ஜெபம் பண்ணி ஆள கீழ தள்ளி உடறது, இத்தயெல்லாம் நம்பறவங்கள பாத்தா எனக்கு பாவமாக்கூட இருக்காது, எரிச்சலாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம பூசைக்கு போறேன், இல்லன்னு சொல்லல, அது வேற. ஆனா எவளாச்சும் வந்து எனக்கு கனவுல இன்னார் வந்தாங்க, கண்ணாடில முகம் தெரிஞ்சுதுன்னு ஆரம்பிச்சா, நான் எழுந்து பாத்திரம் கழுவ போயிடுவேன். உனக்கே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்ல இருபத்தாறு வருசம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல நின்னவ நானு. நீ பக்கத்துல ஆறு வருசம் நின்னிருக்க. மைக்ராமீட்டர் இன்னா சொல்லுதோ அதான் எனக்கு நெசம், சூப்பர்வைசரே வந்து பாஸ் பண்ணுன்னு கெஞ்சினாலும் அளவு தப்புன்னா தப்புதான். அப்பேர்ப்பட்டவ இத்த சொல்றேன்னா நீயே யோசிச்சிக்க.

நீ கோயம்புத்தூர் போனப்புறம் நடந்தது இது. கொரோனா ரெண்டாவது வாட்டி வந்துச்சே, அந்த மே மாசம். நாங்க அப்பயும் இதே சேக்காடு ஊடுதான், இதே மாடி. எங்கூட்டுக்காரர் ஆரோக்கியராஜ் எங்கயோ போயி வாங்கிகினு வந்தாரு. அவருக்கு ரெண்டு நாள் ஜொரம், மூணாம் நாளு எழுந்து உக்காந்து காரக்கொழம்பு கேட்டாரு. எனக்கு வந்துச்சு பாரு, அது உடல. அஞ்சாம் நாள்லேந்து இருமல், ஏழாம் நாளு பாத்ரூம் போயி வர்றதுக்குள்ள கட்டில புடிச்சிகினு நிக்கணும். கார்ப்பரேஷன்லேந்து வந்து கேட்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க, ஒட்டினவன் ஏதோ எங்கூட்ட பாத்தாலே ஒட்டிக்கும்ங்கற மாதிரி மூஞ்சத் திருப்பிகினு ஒட்டினான். கோணலா ஒட்டிட்டு போனான், அதுவே எனக்கு ரெண்டு நாள் கோவம்.

அந்த நேரத்துல வாட்ஸப்ப தொறந்தா ஊர்ல எல்லாருமே டாக்டருதான். கற்பூரத்தையும் ஓமத்தையும் துணில கட்டி மோந்து பாருங்க, ஆக்சிஜன் ஏறும். மூக்குல எலுமிச்ச சாறு உடுங்க. வெங்காயத்த கட்டிலுக்கு கீழ வையுங்க. மொட்ட மாடில நின்னு கைதட்டுங்க. எங்க கோயில் பங்குல ஒருத்தி, பேரு வேணாம், புனிதப்படுத்தின உப்பு ஒரு பாக்கெட்ட கேட்ல மாட்டிட்டு போனா. அத்த ஆரோக்கியராஜ் எடுத்து ரசத்துல போட்டாரு, உப்பு தீந்துபோச்சுன்னு. எனக்கு அதான் சரின்னு பட்டுது.

என் கைல இருந்தது ஒரே ஒரு சாமான், ஆக்சிமீட்டர். விரல்ல மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு காட்டற கிளிப்பு. மெடிக்கல்ல அப்ப கெடைக்கவே இல்ல, எங்க பொண்ணு டெய்சி பெங்களூர்லேந்து கூரியர்ல அனுப்பினா. அவளுக்கு அப்ப எட்டாம் மாசம், வயித்த வெச்சிகினு வர முடியாது, வீடியோ கால்ல என் மூஞ்ச பாத்து பாத்து அழுவா. நான் அந்த கிளிப்ப சும்மா நம்பிடல. மொதல்ல ஆரோக்கியராஜுக்கு மாட்டினேன், தொண்ணூத்தெட்டு. கீழூட்டு அம்மாவுக்கு ஜன்னல் வழியா கயிறு கட்டி எறக்கி மாட்டிக்க சொன்னேன், தொண்ணூத்தொம்பது. அப்புறம் எனக்கு பத்து வாட்டி மாட்டி எழுதி வெச்சேன். சாமான் கரெக்டு. தப்பு எங்கிட்டதான்.

தொண்ணூத்துநாலு. மறுநாள் தொண்ணூத்தொண்ணு. அதுக்கு மறுநாள் காலைல எண்பத்தெட்டு.

பூந்தமல்லில எங்களுக்கு பழக்கமான டாக்டர் ஒருத்தரு போன்ல பேசினாரு. நல்ல மனுசன், அந்த மாசம் அவரு தூங்கினாரான்னே தெர்ல. ஸ்டீராய்டு மாத்திரை சொன்னாரு, குப்புற படுங்கன்னாரு, எங்கயாச்சும் பெட் கெடச்சா உடனே போயிடுங்கன்னாரு. நாங்களும் தெரிஞ்சவரு கார எரவலா வாங்கி, ஆரோக்கியராஜே ஓட்ட, போனோம். ஆஸ்பத்திரி பேரு வேணாம், எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் அன்னிக்கு அதே கததான். கேட்டுக்கு வெளில ஆம்புலன்ஸ் வரிசையா நிக்கிது, ஒவ்வொண்ணுலயும் உள்ள ஒருத்தரு. நாலு மணி நேரம் வெயில்ல கார்லயே கெடந்தேன். எங்களுக்கு முன்னாடி இருந்த வண்டிலேந்து ஒரு பொம்பள எறங்கி ரோட்ல உக்காந்தா, அழக்கூட இல்ல, சும்மா உக்காந்தா. நான் ஆரோக்கியராஜ பாத்து சொன்னேன், வண்டிய திருப்பு, எங்கூட்டு கட்டில்லயே கெடக்கறேன். அவரு திருப்பினாரு. அந்த மனுசன் அழுது அன்னிக்குத்தான் பாத்தேன். எனக்கு அதுவும் கோவமாத்தான் வந்துச்சு. நான் இன்னும் சாவலியே, இன்னாத்துக்கு அழுவுற?

இங்கதான் எங்க நாத்தனார் வர்றாங்க. ஆரோக்கியராஜோட அக்கா, ஃபிலோமினா. நூம்பல்ல ஊடு, ஸ்கூல் டீச்சரு. அவங்களுக்கு என்னிய அவ்ளோவா புடிக்காது, எனக்கும் அவங்கள அவ்ளோவா புடிக்காது, அது வேற கத. ஆனா தம்பி அழுதத போன்ல கேட்டுட்டு இருக்க முடியல போல. மறுநாள் மத்தியானம் அவங்க ஊட்டுக்காரரு தண்ணி கேன் போடற வண்டி, அது லாக்டவுன்ல ஓட பர்மிசன் உண்டு, அதுல ஒரு பொம்பளைய ஏத்தி அனுப்பி உட்டாங்க. முன்னாடியே போன் பண்ணி எங்கிட்ட சொல்லல, தம்பிகிட்டதான் சொன்னாங்க. சொல்லியிருந்தா நான் கதவ தொறந்திருக்க மாட்டேன்.

பேரு பச்சையம்மா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு காலத்துல நூம்பல் பக்கம் அவங்களுக்கு நெலம் இருந்துச்சாம், வித்தாச்சு, இப்ப வேலப்பன்சாவடில ஒரு காலேஜ் கேன்டீன்ல தட்டு கழுவுறா. காலேஜ் மூடினதால ஊட்ல சும்மா கீறா. நைட்டி மேல ஒரு துண்டு, வாய்ல வெத்தல, மாஸ்க் கிடையாது. வந்ததும் வராததுமா எங்கூட்ட ஒரு சுத்து சுத்தி பாத்தா, ஏதோ வாடகைக்கு வந்தவ மாதிரி.

ஆரோக்கியராஜ் மெதுவா சொல்றாரு, "ஸ்டெல்லா, இவங்க மூச்சு புடிச்சு உடுவாங்களாம். அக்கா சொல்லிச்சு. அவங்கூட்ல கன்னுக்குட்டி பொறந்து மூச்சு இல்லாம கெடந்தப்ப..."

"கன்னுக்குட்டியா?" எனக்கு பேசினாலே இருமல், இருந்தாலும் கேட்டேன். "கன்னுக்குட்டிக்கு வைத்தியம் பாக்கறவளையா எனக்கு இட்டாந்த?"

அவ அதுக்கு கோச்சிக்கவே இல்ல. "மனுசாளுக்கும் பண்ணிக்கீறேன்," அப்டின்னா. "ரெண்டு பேருக்கு. நீ மூணாவது."

"மாஸ்க் போடும்மா மொதல்ல. எனக்கு கொரோனா."

"மூஞ்ச மூடிக்கினா எப்டி மூச்சு உடறது?"

இதான் அவ சொன்ன சயின்ஸு. எனக்கு எழுந்து வெளில தள்ளணும் போல இருந்துச்சு, எழ முடியல. அதான் நெசம் கலா. நான் சம்மதிச்சேன்னு நெனைக்காத, தள்ள தெம்பில்ல, அவ்ளோதான்.

வேப்பிலை கொண்டாருவா, துன்னூறு பூசுவா, நம்ம ஊட்ல மாதா படத்துக்கு முன்னாடி இன்னா கூத்தெல்லாம் பண்ணுவாளோன்னு பாத்துகினே கீறேன், ஒண்ணியும் இல்ல. தரைல பாய போட சொன்னா. என்னிய குப்புற படுக்க சொன்னா. பக்கத்துல காலை மடக்கி உக்காந்தா. ஒரு கைய என் முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல வெச்சா, இன்னொரு கைய அவ நெஞ்சுல வெச்சிகினா. கை கரடுமுரடா, சோப்புத்தண்ணில ஊறி ஊறி வெடிச்ச கை.

"நான் உடும்போது நீ இழு," அப்டின்னா. "நான் இழுக்கும்போது நீ உடு. வேற ஒண்ணியும் பண்ணாத. யோசிக்காத."

அவ்ளோதான் வைத்தியம். குப்புற படுக்கறது டாக்டரே போன்ல சொன்னதுதானே, இதுல இவ இன்னா புதுசா கண்டுபுடிச்சிட்டான்னு மனசுக்குள்ள திட்டிகினே படுத்திருந்தேன். அர மணி நேரம். அவ மூச்சுல வெத்தல வாசன. அவ எழுந்து போனதும் கிளிப்ப மாட்டி பாத்தேன், தொண்ணூறு. ரெண்டு ஏறியிருக்கு. குப்புற படுத்தா ஏறும், டாக்டர் சொல்லியிருக்காரு. இவளுக்கு இன்னா இதுல? ஆரோக்கியராஜ் சந்தோசப்படறத பாத்து, "இந்த ஊரே இப்படித்தான் ஏமாறுது"ன்னு சொல்லிட்டு திரும்பி படுத்துகினேன். ராத்திரிக்கு மறுபடி எண்பத்தெட்டுக்கு எறங்கிச்சு, எனக்கு அதுல ஒரு திருப்தி கூட இருந்துச்சு. பாத்தியா, சொன்னேன்ல, அப்டின்னு. சாவறதுல கூட ஜெயிக்கணும்னு நெனைக்கற ஜென்மம் நானு.

மறுநாளும் வந்தா, அதே நேரம், ரெண்டு ரெண்டர மணி இருக்கும். அதே பாயி, அதே கை. அன்னிக்கு கத்திரி வெயிலு, ஃபேன் கடகடன்னு சுத்திகினு இருக்கு. கொஞ்ச நேரத்துல கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுது. லாக்டவுன்ல தெருவுல ஒரு சைக்கிள் சத்தம் கூட கிடையாது, உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த மத்தியான நேரம் எப்டி இருந்துச்சுன்னு. அப்போ எனக்கு கேக்குது, மூச்சு சத்தம். ஒண்ணே ஒண்ணு. அவளும் உடறா, நானும் இழுக்கறேன், ரெண்டு சத்தம் கேக்கணும்ல? ஒண்ணுதான் கேக்குது. சரி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கேக்குதுன்னு நெனச்சேன்.

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, எவனாச்சும் இப்டித்தான்னு சொன்னா, அப்டி இல்லன்னு காட்டணும். நான் வேணும்னே மூச்ச நிறுத்தினேன். அவ உடும்போது இழுக்காம வாய மூடி, மூக்க பாயில அழுத்தி, கெட்டியா நிறுத்தினேன். இன்னா பண்ணுவ பாக்கலாம்னு.

நம்பினா நம்பு, நம்பாட்டி போ. என் நெஞ்சு எழும்புச்சு. நான் எழுப்பல. பாயில அழுந்தின என் வெலா எலும்பு தானா விரிஞ்சு, உள்ள காத்து போச்சு, அப்புறம் தானா அடங்கிச்சு. மறுபடி. நான் பல்ல கடிச்சிகினு நிறுத்தறேன், அது பாட்டுக்கு போவுது. டெய்சி சின்ன புள்ளைல ஊஞ்சல்ல உக்காந்து காலை தரைல தேச்சு நிறுத்துவா, பின்னாடிலேந்து யாரோ தள்ளிகினே இருந்தா நிக்குமா? அப்டி இருந்துச்சு. எனக்கு கத்தணும் போல கீது, கத்தறதுக்கு காத்து எங்கிட்ட இல்ல, காத்து அவகிட்ட கீது.

அவ முதுகுல தட்டினா, லேசா, புள்ளைய தட்டற மாதிரி. "முட்டாத," அப்டின்னா. "கன்னுக்குட்டி கூட முட்டாது."

கரண்ட் வந்துச்சு, ஃபேன் சுத்துச்சு, அவ எழுந்தா. நான் ஆரோக்கியராஜ்கிட்ட ஒண்ணியும் சொல்லல. ஜொரத்துல மூள கொழம்பும், மாத்திரை ஸ்டீராய்டு, அது மனசுல ஏதேதோ பண்ணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. கிளிப்ப மாட்டினேன், தொண்ணூத்திரெண்டு. அன்னிக்கு ராத்திரி எறங்கல.

மூணாம் நாளு. இன்னிக்கு இவள நேருக்கு நேர் புடிச்சிடணும்னு முடிவு பண்ணிட்டேன். மெஷின் பக்கத்துல கீது, பேட்டரி புதுசு மாத்தியாச்சு. அவ வந்து உக்கார்றதுக்கு முன்னாடி எனக்கு மாட்டி பாத்தேன், தொண்ணூத்திரெண்டு. அவ அன்னிக்கு மாடிப்படி ஏறி வந்து கொஞ்ச நேரம் கதவ புடிச்சிகினு நின்னா, அத்த நான் கவனிச்சேன், வெயிலுன்னு நெனச்சேன். வழக்கம்போல அர மணி நேரம். அன்னிக்கு நான் முட்டல. சும்மா கெடந்தேன். முடிஞ்சு எழுந்து உக்காந்து எனக்கு மாட்டினேன், தொண்ணூத்தாறு. உடனே அவ கைய புடிச்சு இழுத்தேன்.

"இன்னாத்துக்கு?"

"காட்டு. சும்மா காட்டு."

வெடிச்ச விரலு, மொதல்ல மெஷின் எடுக்கல, கோடு கோடா ஓடிச்சு. துணில தொடச்சிட்டு மறுபடி மாட்டினேன். எண்பத்தஞ்சு.

நான் வேற விரல்ல மாட்டினேன். எண்பத்தஞ்சு. இன்னொரு கைல, எண்பத்துநாலு, எண்பத்தஞ்சு. என் விரலுக்கு மாத்தினேன், தொண்ணூத்தாறு. மறுபடி அவளுக்கு, எண்பத்தஞ்சு. ஆறு வாட்டி மாத்தி மாத்தி மாட்டினேன், ஆரோக்கியராஜ் பக்கத்துல நின்னு பாத்தாரு, வேணும்னா அவர கேளு. எண்பத்தஞ்சுல ஒரு மனுசி அப்டி உக்காந்து பேச முடியாது கலா. எனக்கு எண்பத்தெட்டுலயே தண்ணி டம்ளர் தூக்க முடியல. இவ வெத்தலைய இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கிட்டு என்னிய பாத்துகினு கீறா.

"உனுக்கு ஒட்டிக்கிச்சுமா," நான் சொன்னேன். எனக்கு மொதல்ல அதான் தோணுச்சு, அதான் நியாயமான காரணம். "மாஸ்க் போடாம மூணு நாளா எம்மூஞ்சிகிட்ட உக்காந்தியே. ஆஸ்பத்திரிக்கு போணும் நீ."

"ஒட்டிக்கல," அப்டின்னா. "குடுத்துக்கீறேன்."

"இன்னாத்த?"

அவ கிளிப்ப கழட்டி என் மடில போட்டா, ஏதோ ஒரு எச்சி தட்ட போடற மாதிரி. எழுந்து பாத்ரூம் போயி மூஞ்சி கழுவிகினு வந்தா. செருப்ப மாட்டும்போது செவுத்துல கைய ஊணிகினு மூணு நாலு வாட்டி இழுத்து இழுத்து மூச்சு வாங்கினா. "இனிமே நான் வர்ல. இது போதும் உனுக்கு," அப்டின்னா. அப்பால என்னிய மேலயும் கீழயும் பாத்து, "பொழச்சிக்கினு நல்லா வாய் பேசு," அப்டின்னுட்டு போயிட்டா. அந்த குரல்ல இருந்தது கோவம் இல்ல கலா. எளக்காரம். வாழ்நாள் பூரா நான் மத்தவங்கள பாத்த பார்வ அது, அன்னிக்கு எம்மேலயே திரும்பி விழுந்துச்சு.

நான் பொழச்சேன். பத்து நாள்ல எழுந்து சமைச்சேன். கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன், டாக்டர் மாத்திரை, குப்புற படுத்தது, அவ்ளோதான். இப்பயும் அதான் சொல்றேன். யாராச்சும் மூச்சு தெணறினா ஆஸ்பத்திரிக்கு போ, கன்னுக்குட்டிக்காரிய தேடாத. அந்த டாக்டர்தான் என்னிய காப்பாத்தினாரு. ஆனா அந்த எண்பத்தஞ்ச பத்தி அவர்கிட்டயும் கேட்டேன். "வெரல் கோல்டா இருந்திருக்கும்மா," அப்டின்னாரு. மே மாசம், கத்திரி வெயிலு, கோல்டு.

டெய்சிக்கு பையன் பொறந்து, ஞானஸ்நானம் முடிஞ்சு ஒரு நாளு, கேக்கும் ஒரு பொடவையும் எடுத்துகினு நூம்பல் போனேன். நன்றி சொல்லன்னு நெனைக்காத. செத்துகித்து போயிட்டாளோன்னு பயம். எம்மூச்சு பட்டு செத்தான்னா அது எங்கணக்குதானே. நாத்தனாரே இட்டுகினு போனாங்க. பச்சையம்மா உயிரோடதான் இருந்தா. வாசல்ல உக்காந்து துணி தொவச்சிகினு இருந்தா. என்னிய பாத்துட்டு எழுந்து உள்ள போனா. ரெண்டே படி, வாசலுக்கும் ஊட்டுக்கும். மொத படில நின்னா. நெஞ்சுல கைய வெச்சா. இழுத்தா. அப்புறம் ரெண்டாவது படி.

"டாக்டர்கிட்ட போனியா?" நான் கேட்டேன்.

"போனேன். ஒண்ணியும் இல்லன்னாங்க. எக்ஸ்ரே படத்துல நல்லாத்தான் கீதாம்."

நான் பைலேந்து ஆக்சிமீட்டர எடுத்தேன். அவ சட்டுன்னு ரெண்டு கையயும் மடிச்சு அக்குள்ள வெச்சிகினா, சின்ன புள்ள மாதிரி. "அத்த மட்டும் மாட்டாத," அப்டின்னா. "தெரிஞ்சிகினு நான் இன்னா பண்ண போறேன்?"

"ஏன்மா வந்த? நான் உன்னிய எவ்ளோ கேவலமா பேசினேன்."

"உன் நாத்தனாரு எம்பொண்ணுக்கு ஸ்கூல்ல சீட்டு வாங்கி குடுத்தாங்க. அவங்க அழுதாங்க. உனுக்காகவா வந்தேன்?" பொடவைய பிரிச்சு பாத்தா. "கலரு நல்லால்ல," அப்டின்னா. ஆனா வெச்சிகினா.

திரும்பி வரும்போது நாத்தனார் பக்கத்துல நடந்துகினே மனசுல கணக்கு போட்டேன். எனக்கு புடிக்காத ஒருத்தி, எனக்காக தம்பி அழுதத தாங்காம, அவள புடிக்காத என்னிய காப்பாத்த, என்னிய மதிக்காத ஒருத்திய அனுப்பினா. இதுல நான் யார திட்டறது சொல்லு?

இது வரைக்கும்னா உனக்கு நான் சொல்லியே இருக்க மாட்டேன். ஏதோ ஜொரம், ஏதோ மெஷின் கோளாறு, அவளுக்கு வேற ஏதோ நோவுன்னு வெச்சிகினு போயிருப்பேன். போன வருசம் கம்பெனில மெடிக்கல் செக்கப் வெச்சாங்க. கேன்டீன் ஹால்ல, காலைல பத்து மணி, நல்லா வெளிச்சம், வரிசைல எனக்கு முன்னாடியும் ஆளு, பின்னாடியும் ஆளு. டாக்டர் ஒரு சின்ன பொண்ணு. ஸ்டெதஸ்கோப்ப முதுகுல வெச்சு, மூச்ச நல்லா இழுத்து உடுங்கன்னா. உட்டேன். அப்புறம் நெஞ்சுல வெச்சு, "இப்ப கொஞ்சம் நிறுத்துங்க ஆன்ட்டி, ஹார்ட் மட்டும் கேக்கணும்," அப்டின்னா. நிறுத்தினேன்.

"நிறுத்துங்க ஆன்ட்டி."

"நிறுத்திட்டுத்தான்மா கீறேன்," மூச்ச உட்டுட்டு சொன்னேன். மறுபடி நிறுத்தினேன், இந்த வாட்டி மூக்க வெரல்ல புடிச்சு காட்டினேன். அந்த பொண்ணு எம்மூஞ்ச பாக்குது, மூக்க பாக்குது, நெஞ்ச பாக்குது. காதுலேந்து அத்த கழட்டி ஊதிட்டு மாட்டுது. பக்கத்துல நர்ஸுகிட்ட இருந்த இன்னொண்ண வாங்கி மாட்டுது. முதுகுல வெக்கிது. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. அங்க வெச்சதும் அது மூஞ்சி மாறிச்சு.

"இங்க ரொம்ப சத்தமா இருக்கு," அப்டின்னுட்டு நார்மல்னு எழுதிடுச்சு. எக்ஸ்ரே கூட எடுத்தாங்க, சுத்தமா கீது.

நான் எழுந்திருக்கல. "குடும்மா ஒரு நிமிசம்," அப்டின்னு அத்த வாங்கி எங்காதுல மாட்டிகினேன். இருபத்தாறு வருசமா அளவ நானே பாக்காம பேப்பர்ல கையெழுத்து போட்டவ இல்ல. நெஞ்சுல வெச்சுகினு மூச்ச நிறுத்தினேன். ஹார்ட்டு அடிக்குது, அது சரி. அதுக்கு பின்னாடி, மெதுவா, அவசரமே இல்லாம, யாரோ இழுக்கறாங்க. உடறாங்க. நான் இழுத்து பாத்தேன், அது உடுது. நான் உட்டேன், அது இழுக்குது. பின்னாடி நிக்கற பாய்லர் செக்‌ஷன் ஆளு, "அக்கா, சீக்கிரம்"ன்னான். குடுத்துட்டு வந்துட்டேன்.

ஆரோக்கியராஜ்கிட்ட சொன்னேன். அவரு எம்முதுகுல காத வெச்சு கேட்டாரு. வெறும் காதுக்கு ஒண்ணியும் கேக்கலன்னாரு. பொய் சொன்னாரான்னு எனக்கு தெர்ல, அன்னிலேந்து தூங்கும்போது அந்தப்பக்கம் திரும்பி படுக்கறாரு.

போன ஆடி மாசம் நாத்தனார் போன் பண்ணாங்க. பச்சையம்மா போயிட்டா. மத்தியானம் சாப்ட்டுட்டு படுத்தவ எழுந்திருக்கல. நோவு எதுவும் இல்ல, மூச்சு நின்னுடுச்சாம், அவ்ளோதானாம். நாங்க போனோம். நான் குடுத்த பொடவைய கட்டியிருந்தாங்க. கலரு அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான் கால்மாட்டுல நின்னேன், எல்லாரும் அழறாங்க, எனக்கு அழுக வரல, எனக்கு ஒரே யோசன. அவளுது நின்னுடுச்சு. அப்போ எனக்குள்ள கேட்டுச்சே, அது?

திரும்பி வர்ற வழில ஆவடில வண்டிய நிறுத்த சொல்லி ஒரு சர்ஜிக்கல் கடைல ஸ்டெதஸ்கோப்பு ஒண்ணு வாங்கினேன். நல்லதா பாத்துத்தான் வாங்கினேன். "இன்னாத்துக்கு இது?"ன்னு ஆரோக்கியராஜ் கேட்டாரு. "செக் பண்ணத்தான்," அப்டின்னேன். பீரோல கீது கலா, மேல் தட்டுல, என் பொடவைங்களுக்கு பக்கத்துல. எனக்குள்ள கேட்ட அந்த மூச்சு நின்னிருந்தா நிம்மதி. நிக்கலன்னா, யாரு உட்டுகினு கீறாங்க? டப்பா மேல சுத்தின பிளாஸ்டிக் கவர நான் இன்னும் பிரிக்கல.